குளத்துப் பச்சையை ஒரே ராத்திரியில் இனம் பிரிக்க

மேட்டூர் திறக்குமுன் தேங்கிக் கிடக்கும் டெல்டா குளங்களில் பச்சைப் படலம் கண்டால், முதலில் குச்சியை விட்டுத் தூக்குங்கள். நூல்நூலாகத் தொங்கினால் இழைப்பாசி. பெயிண்ட் மாதிரி ஒட்டினால் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம்.

கையுறை போட்டு, படலத்தை விலக்கி, அரையடி ஆழத்திலிருந்து கண்ணாடி பாட்டிலில் முக்கால்வாசி பிடியுங்கள். படலத்தையே அள்ளினால் எது கலந்தாலும் மிதக்கும், சோதனை வீண். சாப்பாட்டுக்குப் புழங்காத பாட்டிலாக இருக்கட்டும். ஃபிரிட்ஜில் இரவு முழுக்க ஆடாமல் வையுங்கள். காலையில் குலுக்காமல் பாருங்கள். பச்சை மேலே வளையம் கட்டினால் பெரும்பாலும் நீலப்பச்சைதான். செல்லுக்குள் இருக்கும் காற்றறைகள் மிதக்க வைக்கின்றன. அடியில் படிந்தால் பெரும்பாலும் வேறு பாசி.

நஞ்சு உண்டா என்பதை ஆய்வகம்தான் சொல்லும். அதுவரை மாட்டை இறக்காதீர்கள். நீலப்பச்சைப் பாசி உண்டாக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. தேதி, நேரம், படித்துறை, காற்று வீசும் திசை நான்கையும் படத்தோடு குறித்து வையுங்கள். காற்று படலத்தை ஒரே கரையில் ஒதுக்கிவிடும், எதிர்க்கரையில் எடுத்த தண்ணீர் சுத்தமாகத் தெரியும்.