புதிதாக ஸ்கேட்டிங் ரிங்க் தொடங்குபவர்களுக்கு: முதலில் தரை, அப்புறம்தான் விளக்கு

ரிங்க் (சக்கர ஸ்கேட் ஓட்டும் கூடம்) திறக்கப் போகிறேன் என்று வருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது கலர் விளக்கையும் ஸ்பீக்கரையும் பற்றித்தான். நான் பதிலுக்கு ஒன்றுதான் கேட்பேன்: தரை என்ன தரை? கையில் இருக்கும் பணத்தில் பெரும்பங்கு தரைக்குப் போகட்டும், அடுத்து வாடகை ஸ்கேட்டுக்கு. மிச்சம் இருந்தால் விளக்கு போடுங்கள்.

நடுவில் தூண் இல்லாத கூடமாகப் பாருங்கள். ரோலர் ஹாக்கிக்கு வழக்கமான அளவு 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். அந்த அளவு கிடைத்தால் பொதுமக்கள் ஓட்டத்துக்கும் விளையாட்டுக்கும் ஒரே தரை போதும். சின்ன இடம் என்றாலும் பரவாயில்லை. ஆனால் மூலைகளை வட்டமாக வளையுங்கள். செங்கோண மூலையில் சுவரைப் பிடித்தபடி நாலு பேர் தேங்கி நிற்பார்கள்.

மேப்பிள் மரத்தரைதான் சுகம். வளைவுகளில் பலகைகளையும் வளைத்துப் பதித்தால் சக்கரம் எப்போதும் பலகையின் நீளவாக்கில் உருளும். மரம் ஈரத்துக்கு உப்பும் என்பதால் சுற்றுச்சுவர் ஓரம் இடைவெளி விட்டாக வேண்டும். மரத்துக்கு வசதி இல்லையா? வழவழப்பான கான்கிரீட்டின் மேல் பூச்சு போட்டுக்கொள்ளலாம். பூச்சுக்காரர் அவசரப்படுத்தினாலும் கான்கிரீட் இறுக 28 நாளாவது விடுங்கள். அதன் பிறகும் ஒரு சோதனை உண்டு: பிளாஸ்டிக் தாள் ஒன்றை நாலு பக்கமும் டேப் ஒட்டித் தரையில் ஒரு நாள் விட்டுவையுங்கள். அடியில் வியர்த்திருந்தால் ஈரம் இன்னும் போகவில்லை. அதன் மேல் அடித்த பூச்சு உரிந்து வரும்.

சுவரில் விடும் வாசல் எங்கே இருக்கிறது என்பதை நான் மிகவும் கவனித்துப் பார்ப்பேன். வளைவிலிருந்து வருபவர்கள் வேகத்தில் வெளிப்பக்கமாகத்தான் ஒதுங்குவார்கள். வளைவு முடிகிற இடத்தில் வாசல் வைத்தால், உள்ளே கால் வைக்கும் குழந்தை நேராக அவர்கள் பாதையில் நிற்கும். நேர்ப்பகுதியில், உள்ளே போக ஒன்று, வெளியே வர ஒன்று என்று தள்ளித்தள்ளி இரண்டு வாசல் விடுங்கள். ஸ்கேட் மாட்டும் பகுதிக்குக் கார்ப்பெட் விரியுங்கள். சக்கரம் அதில் அவ்வளவாக உருளாது, புதியவர் எழுந்து நிற்கலாம். சக்கரத்தில் ஒட்டிய மண்ணும் அங்கேயே உதிரும்.

வாடகைக்கு இரண்டு வரிசையாக நாலு சக்கரம் உள்ள குவாட் வாங்குங்கள். சாய்ந்தால் திரும்பும் குவாடுக்கு ஜேம்ஸ் பிளிம்ப்டன் 1863இல் காப்புரிமை வாங்கினார். புதியவருக்கு இன்றும் அதுதான் நிதானம். உள்ளரங்கச் சக்கரம் கெட்டியாக இருக்க வேண்டும், 90ஏ-க்கு மேல் போனால் நல்லது (ஏ என்பது கெட்டித்தன்மையின் அளவு, எண் கூடினால் சக்கரம் கெட்டி). வெளியில் ஓட்டும் 78ஏ மென்சக்கரம் வழுவழுப்பான தரையில் பிடித்து இழுக்கும், கால் சீக்கிரம் ஓய்ந்துவிடும். பேரிங் பெரும்பாலும் 608 என்ற ஒரே அளவு, மொத்தமாக வாங்கி வைக்கலாம். திரும்பி வரும் ஒவ்வொரு ஜோடியிலும் சக்கரத்தைச் சுழற்றிப் பாருங்கள், நட்டையும் டோ ஸ்டாப்பையும் (முன்நுனியில் இருக்கும் பிரேக் கட்டை) அசைத்துப் பாருங்கள். இதைச் செய்யாமல் ஸ்கேட்டை அலமாரியில் வைக்கும் ஆள் எனக்கு வேண்டாம். ஷூவின் உட்புறத்துக்கு மருந்து அடித்துக் காய வைப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காப்பீடு, தீயணைப்பு, அவசர வழி, ஒரே நேரத்தில் எத்தனை பேர் என்ற வரம்பு, இவை முடியாமல் கதவைத் திறக்காதீர்கள்.

இனி நடத்துவது. ஒவ்வொரு செஷனுக்கும் இடையில் உலர்ந்த துடைப்பானால் தரையைத் தள்ளுங்கள். தூசி படிந்தால் தரை வழுக்கத் தொடங்கிவிடும். ஈரத்துணி ரிங்க் நேரத்தில் கூடவே கூடாது. புழுக்கமான காற்று குளிர்ந்த கான்கிரீட்டில் பட்டால் தரை வியர்க்கும். அந்த மாதிரி நாட்களில் ஈரப்பதம் உறிஞ்சும் கருவியை முன்கூட்டியே ஓட விடுங்கள்.

ஓட்டம் பெரும்பாலான ரிங்க்குகளில் இடஞ்சுழியாகத்தான் இருக்கும். அவ்வப்போது திசையை மாற்றுங்கள், ஒரே கால் ஓயாது. சுவரோரம் புதியவர்களுக்கு, உட்பக்கம் வேகக்காரர்களுக்கு, நட்டநடு சுழல்பவர்களுக்கு என்பது என் ஏற்பாடு. கூட்டம் கட்டுமீறினால் விசில் ஊதிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. மெதுவான பாட்டைப் போடுங்கள், கால்கள் தானாகவே அடங்கும்.

யாராவது விழுந்தால் காவலாளி ஓடிப்போய்த் தூக்கக் கூடாது. விழுந்தவருக்குப் பின்னால், ஆட்கள் வரும் திசையைப் பார்த்து நின்று கூட்டத்தைத் திருப்பிவிட வேண்டும். கையை ஊன்றி விழுவதால் மணிக்கட்டுதான் அதிகம் அடிபடும், ஆகவே கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. மணிக்கட்டுக் காப்பை வாடகையோடு சேர்த்தே கொடுங்கள்; தனிக் கட்டணம் என்றால் பெரியவர்கள் வாங்க மாட்டார்கள், அவர்கள்தான் கனமாக விழுகிறார்கள்.

கவுன்டரில் ரிங்க்கின் வரைபடம் ஒன்று வையுங்கள். யாராவது விழும்போதெல்லாம் அந்த இடத்தில் ஒரு புள்ளி. புள்ளிகள் ஓரிடத்தில் குவிந்தால் அன்று கடை சாத்தியதும் எல்லா விளக்கையும் போட்டு அங்கே தரையைக் கையால் தடவிப் பாருங்கள்: விரிசலோ, எழுந்த ஓரமோ, கூரையிலிருந்து சொட்டிய ஈரமோ இருக்கும்.