ஊடகமும் சமூகமும்: முதல் ஆண்டு மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விஸ்காம், இதழியல், மாஸ் கம்யூனிகேஷன் என்று எதில் சேர்ந்தாலும் முதல் ஆண்டில் ‘ஊடகமும் சமூகமும்’ என்ற பெயரிலோ அதை ஒட்டிய பெயரிலோ ஒரு தாள் இருக்கும். மற்ற தாள்களைப் பார்த்து மிரளுகிற மாணவர்கள்கூட இதைப் பார்த்ததும் நிம்மதி அடைவார்கள். தினமும் பார்க்கிற டிவி, எந்நேரமும் கையில் இருக்கிற போன், இதில் படிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். பெரும்பாலான தவறுகள் இந்த நினைப்பிலிருந்துதான் வருகின்றன.

முதல் தவறு, கருத்தையே விடையாக எழுதுவது. ‘சீரியல்கள் குடும்பங்களைக் கெடுக்கின்றன’, ‘சமூக ஊடகங்களால் இளைஞர்கள் சீரழிகிறார்கள்’ என்று ஒரு பக்கம் எழுதிவிட்டால் பதில் முடிந்தது என்று நினைக்கிறார்கள். பட்டிமன்ற மேடைக்கு அது போதும். இந்தப் பாடம் கேட்பது வேறு: எந்த சீரியல், யார் பார்த்தார்கள், கெட்டது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள், அதைப் பார்க்காத குடும்பங்களோடு ஒப்பிட்டீர்களா? இன்னொன்றையும் கவனியுங்கள். ‘இளைஞர்கள் சீரழிகிறார்கள்’ என்று எழுதும் பதினெட்டு வயது மாணவர் தன்னை அந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ஊடகம் என்னைவிட மற்றவர்களைத்தான் அதிகம் பாதிக்கும் என்று மனிதர்கள் நினைப்பதைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் டபிள்யூ. பிலிப்ஸ் டேவிசன் 1983இல் ஒரு கட்டுரை எழுதினார். ‘மூன்றாம் நபர் விளைவு’ என்று அதைத் தேர்வுக்குப் படித்துவிட்டு, அடுத்த கேள்விக்கான விடையில் அதே மனநிலையோடு எழுதுகிறோம்.

அடுத்தது, கோட்பாடுகளை வரையறைகளாக மனப்பாடம் செய்வது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எல்லா நோட்ஸிலும் முதலில் வருவது ஊசிக் கோட்பாடு. ஊசி போட்டால் மருந்து உடம்பில் ஏறுவதுபோல ஊடகச் செய்தி மக்கள் மனதில் நேராக இறங்கிவிடும் என்பது அதன் சாரம். ஆதாரமாக 1938 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவில் சிபிஎஸ் வானொலியில் ஆர்சன் வெல்ஸ் நடத்திய நாடகத்தைச் சொல்வார்கள். செவ்வாய்க் கிரகவாசிகள் படையெடுத்து வந்துவிட்டதாகச் செய்தி அறிக்கை போலவே ஒலித்த அந்த நாடகத்தைக் கேட்டு நாடே தெருவுக்கு ஓடியது என்பது கதை.

அன்றிரவு ஹூப்பர் என்ற கணக்கெடுப்பு நிறுவனம் ஐயாயிரம் வீடுகளுக்குத் தொலைபேசியில் பேசியது. அந்த நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னவர்கள் சுமார் 2 சதவீதம்தான். நாடே நடுங்கியதாக மறுநாள் பெரிய எழுத்தில் அச்சிட்டவை பத்திரிகைகள். விளம்பர வருமானத்தை வானொலி பறித்துக்கொண்டிருந்த காலம் அது. வானொலியை நம்ப முடியாது என்று காட்டுவதில் பத்திரிகைகளுக்கு ஆதாயம் இருந்தது என்று பிற்கால ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். உண்மையிலேயே பயந்தவர்களும் இருந்தார்கள். உளவியலாளர் ஹேட்லி கேன்ட்ரில் அவர்களை ஆராய்ந்து 1940இல் முடிவுகளை வெளியிட்டார். அவர் கண்டது என்ன? கேட்டவர்களில் பெரும்பாலோர் பயப்படவில்லை. வேறு நிலையத்துக்குத் திருப்பிப் பார்த்தவர்கள், நாளிதழில் நிகழ்ச்சிப் பட்டியலைப் பார்த்தவர்கள் நாடகம்தான் என்று புரிந்துகொண்டார்கள். ஆளுக்கு ஆள் விளைவு மாறியது. ஊசிக் கோட்பாட்டுக்குச் சான்றாக நாம் எழுதுகிற ஆய்வு அதற்கு எதிராகத்தான் நிற்கிறது! போதாக்குறைக்கு, அந்தப் பெயரில் ஒரு கோட்பாட்டை அந்தக் காலத்தில் யாரும் முறையாக முன்வைத்ததாகவும் தெரியவில்லை. முந்தைய தலைமுறையின் நினைப்பைச் சுருக்கிச் சொல்லப் பின்னால் வந்தவர்கள் ஒட்டிய பெயர் என்றே ஊடக ஆய்வின் வரலாற்றை எழுதியவர்கள் பலர் சொல்கிறார்கள்.

அதனால் எந்தக் கோட்பாட்டைப் படித்தாலும், யார், எந்த ஊரில், யாரிடம், என்ன கேட்டார்கள் என்று முதலில் பாருங்கள். பெயரும் ஆண்டும் அப்புறம் தானாக நினைவில் நிற்கும். சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவருடைய குழுவினரும் 1940 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ஒஹையோ மாநிலத்தின் ஈரி மாவட்டத்தில் சுமார் 600 பேரை மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் சந்தித்தார்கள். பிரசாரத்தால் கட்சி மாறியவர்கள் மிகக் குறைவு; வானொலியையும் பத்திரிகையையும்விட அக்கம்பக்கத்தில் விஷயம் தெரிந்தவர் சொன்னது அதிகம் எடுபட்டது. ஊடகத்திலிருந்து விஷயம் தெரிந்தவருக்கும் அவரிடமிருந்து மற்றவர்களுக்கும் செய்தி போகிற ‘இரு படி ஓட்டம்’ என்று நாம் படிப்பது இதிலிருந்து பிறந்ததுதான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாமா அனுப்பும் ஃபார்வர்டைப் பற்றி யோசிக்க இந்த 1940 ஆய்வு இன்றும் உதவுகிறது. சமூக ஊடகம் வந்துவிட்டது, பழைய கோட்பாடுகள் செல்லாது என்று ஒரே வரியில் தள்ளிவிடாதீர்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு குழப்பம், ஒரு கோட்பாடு வந்து முந்தையதைத் தோற்கடித்துவிட்டது என்று வரிசையாக எழுதுவது. லாசர்ஸ்ஃபெல்ட் கேட்டது, பிரசாரம் வாக்கை மாற்றுகிறதா என்று. மெக்கோம்ப்ஸ், ஷா என்ற இரு ஆய்வாளர்கள் 1968 தேர்தலின்போது அமெரிக்காவின் சேப்பல் ஹில் நகரில் யாருக்கு வாக்களிப்பது என்று முடிவெடுக்காத 100 பேரிடம் கேட்டது, நாட்டின் முக்கியப் பிரச்சினைகள் எவை என்று. மக்கள் சொன்ன வரிசையும் ஊடகங்கள் முக்கியத்துவம் கொடுத்த வரிசையும் மிக நெருக்கமாக ஒத்துப்போயின. அஜெண்டா செட்டிங் என்று நாம் படிப்பது இதைத்தான். கேள்விகள் வேறு, இரண்டு முடிவுகளும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். அஜெண்டா செட்டிங் என்றால் ஊடகம் மக்களைத் தன் கருத்துக்குத் திருப்புவது என்று எழுதுகிறவர்கள் ஏராளம். எதைப் பற்றி யோசிக்கிறோம் என்பதில்தான் அதன் பேச்சு, எப்படி யோசிக்கிறோம் என்பதில் இல்லை. அப்புறம், இரண்டு வரிசைகள் ஒத்துப்போவது மட்டும் எது எதற்குக் காரணம் என்பதைச் சொல்லிவிடாது. ஊடகத்தைப் பார்த்து மக்கள் பேசினார்களா, மக்கள் பேசியதைப் பார்த்து ஊடகம் எழுதியதா? இந்தக் கேள்விக்காகவே அவர்கள் 1972 தேர்தலில் சார்லட் நகரில் அதே வாக்காளர்களைப் பல முறை சந்தித்து இன்னொரு ஆய்வு செய்தார்கள்.

நம் ஊர் உதாரணம் என்று வந்தால் எல்லோருக்கும் கையில் வருவது எம்.ஜி.ஆர். திரையில் நல்லவராக வந்தார், மக்கள் நம்பினார்கள், முதல்வராக்கினார்கள். அரைப் பக்கத்தில் தமிழகத்தின் அரைநூற்றாண்டு அரசியல் முடிந்துவிடும். ஜெயித்தவரை மட்டும் எடுத்துக்கொண்டு காரணம் தேடுவதுதான் இங்கே நடக்கும் பிழை. சிவாஜி கணேசனின் புகழுக்கும் ரசிகர் மன்றங்களுக்கும் என்ன குறை? 1988இல் அவர் தொடங்கிய தமிழக முன்னேற்ற முன்னணி 1989 தேர்தலில் எடுபடவில்லை, திருவையாறில் அவரே தோற்றார். 2005இல் கட்சி தொடங்கிய விஜயகாந்த் 2006இல் ஏறக்குறைய எல்லாத் தொகுதிகளிலும் ஆட்களை நிறுத்தினார். விருத்தாசலத்தில் அவர் ஒருவர் மட்டுமே வென்றார். 2011இல் அ.தி.மு.க. கூட்டணியில் நின்றபோது அதே கட்சிக்கு 29 இடங்கள் கிடைத்தன. திரைப் புகழ் மூவருக்கும் இருந்தது, முடிவு மூன்று விதமாக வந்தது. அப்படியானால் வித்தியாசம் எங்கே? எம்.ஜி.ஆர். 1953இல் தி.மு.க.வில் சேர்ந்தவர்; 1972இல் தனிக்கட்சி தொடங்கும் முன்பே ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அந்த அமைப்புக்குள் இருந்தவர். மன்றங்கள் கட்சிக் கிளைகளோடு எப்படிப் பிணைந்திருந்தன, பாடல் வரிகள் மேடைக்கும் திரைக்கும் இடையே எப்படிப் போய் வந்தன என்று பார்க்கத் தொடங்கினால் விடை ஆழமாகும்.

வருத்தமான விஷயம், சினிமாவும் அரசியலும் பற்றிய விடைகளில் அமெரிக்கப் பெயர்கள் நிறைய இருக்கும், தமிழ் சினிமாவையும் அரசியலையும் ஆராய்ந்த கா. சிவத்தம்பியோ எம்.எஸ்.எஸ். பாண்டியனோ இருக்க மாட்டார்கள். சாதி வேறுபாடு பார்த்த சமூகத்தில் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகை என்று சிவத்தம்பி கவனப்படுத்தினார். திரையில் ஓடுவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் கொட்டகையே ஒரு சமூக மாற்றம் என்பது கண்ணில் படாது. இவர்களைத் தேடிப் படியுங்கள், ஆசிரியர் சொல்லாவிட்டாலும்.

உள்ளடக்கத்தை மட்டும் பார்ப்பது பெரிய தவறு என்று சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. சன் டிவி 1993 ஏப்ரல் 14 அன்று தொடங்கியது. அதன் சீரியல்களில் பெண் பாத்திரங்கள் பற்றி ஆயிரம் அசைன்மென்ட்கள் வந்திருக்கும். அந்த சீரியலை வீட்டுக்குக் கொண்டுவந்த கேபிள் யாருடையது என்று கேட்பவர்கள் குறைவு. 2007இல் அன்றைய முதல்வர் கருணாநிதியின் அரசியல் வாரிசு பற்றிய ஒரு கருத்துக்கணிப்பை, அவருடைய உறவினர்களான மாறன் குடும்பத்தின் சன் குழுமம் நடத்திய தினகரன் நாளிதழ் வெளியிட்டதும் அதன் மதுரை அலுவலகம் தாக்கப்பட்டுத் தீவைக்கப்பட்டது. மூன்று ஊழியர்கள் இறந்தார்கள். அதே ஆண்டில் கலைஞர் டிவியும் அரசு கேபிள் டிவி நிறுவனமும் வந்தன. உரிமையாளர், விநியோகம், ஆளும் குடும்பம் மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் இந்த ஆண்டை விளக்கவே முடியாது.

சட்டப் பகுதியில் ஒன்றே ஒன்று. அமெரிக்கப் பாடநூலைப் பார்த்துப் படிக்கிறவர்கள் பத்திரிகைச் சுதந்திரத்துக்கு ‘முதல் திருத்தம்’ என்று எழுதிவிடுகிறார்கள். அமெரிக்க அரசியலமைப்பில் அது பேச்சையும் பத்திரிகையையும் காப்பது. இந்தியாவில் பத்திரிகைக்கென்று தனிப் பிரிவு கிடையாது, பேச்சுரிமை தரும் 19(1)(அ) பிரிவிலிருந்தே அதுவும் வருகிறது. கிராஸ் ரோட்ஸ் என்ற வார இதழ் மாகாணத்துக்குள் வர மதராஸ் அரசு விதித்த தடையை 1950இல் ரொமேஷ் தாப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குப் பிறகு 1951இல் வந்த நம் முதல் திருத்தம், ‘பொது ஒழுங்கு’ போன்ற காரணங்களுக்காகவும் பேச்சைக் கட்டுப்படுத்தலாம் என்று சேர்த்தது. கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் அதுவே கொண்டுவந்தது.

கடைசியாக, அசைன்மென்ட். ‘இளைஞர்கள் மீது சமூக ஊடகங்களின் தாக்கம்’ என்று தலைப்பு வைத்து, கூகுள் ஃபார்மை வகுப்புக் குழுவில் போட்டு, நாற்பது நண்பர்கள் நிரப்பியதும் ‘தமிழக இளைஞர்கள்’ என்று முடிவு எழுதாதீர்கள். அந்த நாற்பது பேரும் ஒரே கல்லூரி, ஒரே வயது, உங்களைத் தெரிந்தவர்கள். அதை அப்படியே எழுதிவிட்டால் அதில் குறை ஒன்றுமில்லை. கேள்வியைச் சிறிதாக்குங்கள். உங்கள் ஊர் நூலகத்துக்கு வரும் இரண்டு தமிழ் நாளிதழ்களை ஒரு வாரம் எடுத்து, முதல் பக்கத்தில் எந்தச் செய்திக்கு எவ்வளவு இடம், எந்த விளம்பரம் எங்கே, உங்கள் மாவட்டத்திலிருந்து எத்தனை செய்திகள், அவற்றில் யார் பெயர் சொல்லிப் பேச வைக்கப்படுகிறார்கள் என்று அட்டவணை போடுங்கள். அந்த வாரத்திலேயே அங்கே வந்து பத்திரிகை படிப்பவர்களில் சிலரிடம், ஊரில் இப்போது பெரிய பிரச்சினை எது என்று கேளுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கிருந்து எழுதத் தொடங்குங்கள்.