இன்கிரெடிபாக்ஸ்: ஏழு பேரையும் ஒரேயடியாகப் பாட விடாதீர்கள்

இன்கிரெடிபாக்ஸ் என்ற இசை விளையாட்டைத் திறந்ததும் வெறும் மேலோடு ஏழு பொடியன்கள் வரிசையில் நிற்பார்கள். கீழே 20 சின்னங்கள்: தாளம், எஃபெக்ட், மெலடி, குரல் என்று வகை வகையாக. ஒன்றை இழுத்து ஒருவன்மேல் விட்டால் தொப்பியோ கண்ணாடியோ ஏறி, வாயாலேயே ஒரு துண்டைச் சுற்றிச் சுற்றி வாசிக்கத் தொடங்குவான். பிரான்சில் 2009இல் வந்த விளையாட்டு. முதல் நாலு பதிப்புகளைப் பிரவுசரிலேயே காசில்லாமல் விளையாடலாம்.

முதன்முதலில் விளையாடுகிற எல்லாரும் விடுகிற பிழை ஒன்றுதான்: ஏழு பேருக்கும் மளமளவென்று உடுப்பு மாட்டிவிடுவது. வருவது பாட்டு இல்லை, சந்தை இரைச்சல். கோயில் மேளத்தை நினைத்துப் பாருங்கள். ஒத்து அடியில் நிற்க, தவில் நடையைப் பிடிக்க, அதன்மேல்தான் நாதஸ்வரம் போகும். இரண்டு நாதஸ்வரம் ஆளுக்கொரு ராகம் வாசித்தால் யார் கேட்பார்கள்?

ஆகவே தாளத்தில் ஒன்றை மட்டும் வைத்து இரண்டு சுற்று கேளுங்கள். பல சத்தங்களின் இரண்டாம் சுற்று முதலாவதைவிடச் சற்று வேறாக வரும். ஒரு சுற்றோடு தீர்ப்புச் சொன்னால் பாதியைத்தான் கேட்டிருப்பீர்கள். அடுத்தது இன்னொரு தாளம் அல்லது தாழ்ந்த சுருதியில் ஓடும் ஒரு எஃபெக்ட். மூன்றாவது மெலடி. குரல் கடைசியில். நாலு பேரோடு நிறுத்தினால் பெரும்பாலும் வடிவாகவே இருக்கும். மிச்ச மூன்று இடமும் மாற்றிப் பார்ப்பதற்கு.

சின்னத்தை விட்டவுடனே சத்தம் வரவில்லையென்று திரும்பத் திரும்ப இழுக்காதீர்கள். ஓடுகிற சுற்று முடியட்டும் என்று அவன் காத்து நிற்கிறான். அதனால்தான் யார் எப்போது சேர்ந்தாலும் தாளம் தப்புவதில்லை. நிமிடத்துக்கு 120 அடி என்று வைத்தால் நாலு அடி சேர்ந்த ஒரு தாளக்கட்டுக்கு 2 செக்கன், எட்டு தாளக்கட்டுக்கு 16 செக்கன். புதிய ஆள் எந்த இடத்தில் நுழையவேண்டுமோ அதற்குக் கொஞ்சம் முந்தியே சின்னத்தை விடப் பழகுங்கள்.

எந்தச் சத்தம் குழப்புகிறதென்று தெரியாவிட்டால் ஆளின்மேல் மவுஸைக் கொண்டுபோங்கள். சின்னப் பட்டன்கள் தெரியும். ஒன்று அவன் வாயை மட்டும் அடைக்கும். இன்னொன்று மற்ற எல்லாரையும் அடக்கி அவனைத் தனியே கேட்க விடும். எடுத்துவிட்டுத் திரும்ப மாட்டுவதைவிட இது கெதி.

ஒவ்வொரு பதிப்பிலும் மூன்று போனஸ் காட்சிகள் ஒளிந்திருக்கும். குறிப்பிட்ட ஐந்து சின்னங்கள் ஒன்றாக நின்றால்தான் ஒன்று திறக்கும். கண்டபடி மாற்றாமல் நாலை அப்படியே வைத்து ஐந்தாவதை மட்டும் மாற்றிப் பாருங்கள். விடையை வீடியோவில் தேடலாம்தான், அதற்குப் பிறகு அந்தப் பதிப்பில் ஆசை போய்விடும்.

இனிக் கரைச்சல்கள். ஐபோனில் சத்தமே இல்லையென்றால் முதலில் போன் சைலன்ட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அது பிரவுசர் ஒலியையும் அடக்கிவிடலாம். குரோமில் திரையை ஒருதரம் தொட்டால்தான் சத்தம் திறக்கும், அது பிழையில்லை. டேட்டா மெதுவென்றால் லோடிங் முழுதாய் முடியும்வரை பொறுங்கள், ஒலிகள் இறங்கிய பிறகு அவ்வளவாக டேட்டா இழுக்காது. புளூடூத் ஹெட்போனில் எல்லாம் கொஞ்சம் பிந்திக் கேட்கும்; வயர் ஹெட்போன் நல்லது. போன் ஸ்பீக்கரில் அடித்தள ஒலி விழுங்கப்படும், தாளம் மெலிந்து கேட்பதற்குக் காரணம் அதுதான். ஒலி கரகரத்தால் போனைத் தொட்டுப் பாருங்கள். சூடேறினால் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், ஒலி துண்டுபடும். மே, யூன் வெக்கையில் திருகோணமலை உப்புவெளிப் பக்கம் விறாந்தையில் இருந்து விளையாடுகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். மற்ற டேப்களை மூடி, சார்ஜரைக் கழற்றி, பத்து நிமிடம் ஆறவிடுங்கள். கச்சான் காற்று வீசும்போது யன்னலைச் சாத்தாமல் மெல்லிய எஃபெக்ட்களைக் கேட்கவே முடியாது.

சின்னப் பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் ஸ்ப்ரங்கியாக இருக்கும். அது ரசிகர்கள் இதை மாற்றிச் செய்தது, அசலைச் செய்தவர்களுடையது அல்ல. அதில் கறுப்புத் தொப்பிச் சின்னத்தை மாட்டினால் திரை இருண்டு, உருவங்கள் இரத்தமும் காயமுமாக மாறும். ஆறேழு வயதுப் பிள்ளை கையில் கொடுக்குமுன் நீங்களே ஒருதரம் மாட்டிப் பாருங்கள்.

பதிவு செய்யும்போது ஆட்களைச் சேர்ப்பதில் காட்டும் கவனத்தை எடுப்பதிலும் காட்டுங்கள். நடுவில் தாளத்தை ஒரு சுற்று வாயடைத்துவிட்டுத் திரும்ப விட்டால் கேட்கிறவர் தலையாட்டுவார். முடிவில் ஒவ்வொருவராய் இறக்கி, கடைசிச் சுற்றில் குரலை மட்டும் தனியே விட்டுப் பதிவை நிறுத்துங்கள். பிறகு கிடைக்கும் லிங்கை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம்.