எரிபொருள் மின்கலத்துக்கு எம்.இ.ஏ. செய்வது எப்படி?

நடுவில் புரோட்டானை மட்டும் கடத்தும் மென்படலம், இருபுறமும் பிளாட்டினம் பூசிய கார்பன் பேப்பர். இந்த மூன்றையும் ஒன்றாக ஒட்டினால் அதுதான் எம்.இ.ஏ. (மெம்ப்ரேன் எலக்ட்ரோடு அசெம்பிளி). 5 சதுர செ.மீ. அளவில் தொடங்குங்கள்; பிளாட்டினம் வீணாகாது.

முதலில் மென்படலம். புரோட்டானைக் கடத்தும் பாலிமரான நாஃபியானில் 212 என்ற வகை நல்ல தேர்வு; 50 மைக்ரான் தடிமன், கையாள எளிது. 3% ஹைட்ரஜன் பெராக்சைடில் 80 டிகிரியில் ஒரு மணி நேரம், அப்புறம் அயனி நீக்கிய நீரில், பிறகு 0.5 மோலார் கந்தக அமிலத்தில், மறுபடியும் நீரில். விரல் படக் கூடாது, இடுக்கியால் ஓரத்தை மட்டும் பிடியுங்கள்.

அடுத்தது மை, அதாவது கார்பன் பேப்பரில் தெளிக்கப்போகும் பிளாட்டினக் கலவை. பொறுமையைச் செலவிட வேண்டிய இடம் இதுதான். கேத்தோடில் (காற்று வரும் பக்கம்) சதுர செ.மீ.க்கு 0.4 மி.கி. பிளாட்டினம் வேண்டும் என்றால் மொத்தம் 2 மி.கி. வினையூக்கித் தூளில் 40% பிளாட்டினம் என்றால் தூள் 5 மி.கி. காய்ந்த பூச்சில் 30% நாஃபியான் இருக்கட்டும். அதற்கு 5% நாஃபியான் கரைசல் சுமார் 43 மி.கி. தெளிக்கும்போது நிறைய சிதறும், அதனால் எல்லாவற்றையும் இரட்டிப்பாக எடுங்கள்.

தூளில் முதலில் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். முழுக்க நனைந்த பிறகே ஐசோப்ரோப்பனால். காய்ந்த பிளாட்டினத் தூளில் ஆல்கஹால் பட்டால் தீப்பிடிக்கும். இதில் அலட்சியமே கூடாது. கடைசியாக நாஃபியான் கரைசல். பிறகு மீயொலிக் குளியலில் அரை மணி நேரம், ஐஸ் போட்டுக் குளிரவைத்தபடி. கட்டி தட்டாமல், பளபளக்கும் கறுப்பாக இருந்தால் மை தயார்.

கார்பன் பேப்பரை எடை போட்டு, 80 டிகிரி தட்டில் வைத்து, நுண்துளைப் பூச்சு உள்ள வழவழப்பான பக்கத்தில் மெல்லிய அடுக்குகளாகத் தெளியுங்கள். ஒவ்வொரு அடுக்கும் காய வேண்டும். எடை சுமார் 7 மி.கி. கூடியதும் நிறுத்துங்கள். ஆனோடுக்கு (ஹைட்ரஜன் வரும் பக்கம்) சதுர செ.மீ.க்கு 0.1 மி.கி. பிளாட்டினம் போதும், ஹைட்ரஜன் வினை அங்கே மிக வேகமானது.

சரி, இனி அழுத்தம். பூசிய பக்கங்கள் மென்படலத்தைப் பார்க்கும்படி அடுக்கி, 130 டிகிரியில் 3 நிமிடம் ஹாட் பிரஸ். அழுத்தம் அதிகமானால் கார்பன் இழை படலத்தைத் துளைத்துவிடும்.

மின்கலத்தில் பொருத்தி ஹைட்ரஜனும் காற்றும் செலுத்தியதும், சுமை இல்லாத நிலையில் 0.9 வோல்ட்டுக்கு மேல் வர வேண்டும். வரவில்லை என்றால் படலத்தில் ஓட்டையா, கேஸ்கட்டில் கசிவா என்று முதலில் பாருங்கள். புதிய எம்.இ.ஏ. 0.6 வோல்ட்டில் சில மணி நேரம் ஓடிய பிறகே முழு மின்னோட்டம் தரும். அதற்கு முன் எடுத்த அளவை வைத்து மை சரியில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.