ஆயில் பிரஷர் முள்ளு மேலயே நிக்குதா? எஞ்சினைப் பிரிக்கறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

முதல்ல ஒரு விஷயம், டேஷ்போர்டுல எரியற சிவப்பு ஆயில் லைட் பிரஷர் கம்மியாயிடுச்சுன்னு சொல்றதுக்குத்தான், அது எரிஞ்சா உடனே ஓரங்கட்டி வண்டிய ஆஃப் பண்ணிடுங்க. இங்க நாம பாக்கப்போறது முள்ளு வச்ச கேஜ் இருக்கற வண்டி, பழைய ஜீப் மாதிரி.

காலைல ஸ்டார்ட் பண்ணதும் முள்ளு ஏறுறது சகஜம், ஆயில் ஆறிக் கெட்டியா இருக்கும்ல, அதனால நல்லா ஓட்டி சூடானப்புறம் பாருங்க. பொதுவா ஓட்டத்துல 25லேர்ந்து 65 பிஎஸ்ஐ (பிரஷர அளக்கற அலகு) இருக்கும், கேஜ்ல கிலோ கணக்குன்னா ஒரு கிலோ சுமார் 14 பிஎஸ்ஐ, ஆனா உங்க வண்டி மேனுவல்ல போட்டிருக்கறதுதான் கடைசி கணக்கு. சூடாகியும் 80க்கு மேலயே நின்னா கவனிக்கணும்.

அடுத்து, கடைசியா என்ன ஆயில் ஊத்துனாங்கன்னு பில்லப் பாருங்க. 5டபிள்யூ-30 கிரேடு கேக்கற எஞ்சின்ல அதவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊத்திட்டு "கெட்டியா இருந்தா நல்லதுண்ணே"ன்னு சொல்ற ஆளுங்க இருக்காங்க. பிரஷர் கூடுதுன்னா ஆயில் நிறைய போகுதுன்னு அர்த்தம் இல்லைங்க, போக வழியில்லாம முட்டிட்டு நிக்குதுன்னும் இருக்கலாம். சரியான கிரேடும் புது ஃபில்டரும் போட்டாலே பாதி கேஸ் முடிஞ்சிடும்.

அப்பவும் இறங்கலையா, எஞ்சின்லேர்ந்து கேஜுக்கு பிரஷரச் சொல்ற சென்சாரோட வயரப் பாருங்க. சில வண்டில வயர் கழன்டாலே முள்ளு உச்சிக்குப் போயிடும், சிலதுல வயர் பாடில உரசினா போகும். கேஜ் சொல்றத அப்படியே நம்பாம, எஞ்சின் ஆறினப்புறம் சென்சாரக் கழட்டிட்டு அந்த எடத்துல மெக்கானிக்கல் கேஜ் (வயர் இல்லாம ஆயில் பிரஷர நேரடியா காட்டறது) மாட்டிப் பாருங்க, இது மெக்கானிக்கிட்ட இருக்கும்.

இந்த கேஜ மாட்டி, எஞ்சின் சூடானதும் ஆக்சிலரேட்டர மெதுவா ஏத்துங்க. முள்ளு கொஞ்சம் ஏறி ஒரு எடத்துல நின்னுடணும், ஏன்னா அங்க ரிலீஃப் வால்வு திறந்து மிச்ச ஆயில திருப்பி விட்டுடும். நிக்காம ஆர்பிஎம் கூடக்கூட ஏறிட்டே போனா வால்வு மூடினபடி சிக்கியிருக்குன்னு சந்தேகப்படலாம். அது பெரும்பாலும் ஆயில் பம்ப்புலயே இருக்கும், உள்ள ஒரு பிளஞ்சரும் (முன்னும் பின்னும் நகர்ற சின்ன உருளை) ஸ்பிரிங்கும்தான், கசடு ஏறியோ கோடு விழுந்தோ மாட்டிக்கும். கழுவினா சில நேரம் சரியாகும், கோடு விழுந்திருந்தா மாத்திடுங்க, ஸ்பிரிங்க வெட்டி அட்ஜஸ்ட் பண்றேன்னு யாராவது சொன்னா விடாதீங்க. பல வண்டில இதுக்கு எஞ்சினுக்கு அடியில ஆயில் தேங்கற தட்ட, அதான் ஆயில் பேன, இறக்கணும், புதுசா கத்துக்கறவங்க இத மட்டும் மெக்கானிக்கிட்டயே விடுங்க.

அதுவரைக்கும் வண்டிய முறுக்காதீங்க, பிரஷர் ரொம்பப் போனா ஃபில்டர் உப்பி வாஷர் பிதுங்கிடும், அப்புறம் மொத்த ஆயிலும் ரோட்டுலதான்.