பழைய எலக்ட்ரோலக்ஸ் வாக்குவம் கிளீனர்களை இனம் பிரித்து அடுக்குவது எப்படி?

"எங்க மாமா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பழைய எலக்ட்ரோலக்ஸ் ஒன்று பரணில் கிடக்கிறது. எந்த வருஷத்து மாடல்?" என்று யாராவது போட்டோவோடு கேட்டால், "எந்த எலக்ட்ரோலக்ஸ்?" என்றுதான் நான் முதலில் திருப்பிக் கேட்பேன். கேட்டவர் குழம்பிப்போவார். குழம்புவதும் நியாயம்தான். பெயர் ஒன்று, கம்பெனி இரண்டு. ஸ்வீடனில் பிறந்தது ஒன்று. அதன் கிளையாக அமெரிக்காவில் முளைத்து, பிறகு தனி மரமாகவே வளர்ந்துவிட்டது இன்னொன்று. இரண்டும் ஒரே பெயரில் பல பத்தாண்டுகள் வாக்குவம் கிளீனர் விற்றன.

நான் முதன்முதலில் போட்ட மாடல் பட்டியலில் இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டேன். லூட்டனில் செய்த பிரிட்டிஷ் இயந்திரம் அமெரிக்க மாடல்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்திருந்தது. அதைப் பிரித்தெடுக்க இரண்டு வாரம் ஆனது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அந்த இரண்டு வாரம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஒரு டார்ச், மெல்லிய பருத்தித் துணி, போன் கேமரா, ஒரு கூகுள் ஷீட் அல்லது நோட்டு, இவ்வளவு போதும்.

படி 1: மாடலைத் தொடும் முன் குடும்ப மரத்தை வரையுங்கள்

தாளின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் ஸ்வீடன், வலப்பக்கம் அமெரிக்கா.

ஸ்வீடன் கதை 1901-இல் லக்ஸ் என்ற மண்ணெண்ணெய் விளக்குக் கம்பெனியோடு தொடங்குகிறது. 1908-இல் வியன்னாவில் ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் வாக்குவம் கிளீனர் ஒன்றைப் பார்க்கிறார், பின்னாளில் எலக்ட்ரோலக்ஸைத் தொடங்கிய ஆக்செல் வென்னர்-கிரென் என்ற இளைஞர். கனமான, விலை கூடிய இயந்திரம். இதையே இலேசாகச் செய்து வீடுகளுக்கு விற்க முடியும் என்ற எண்ணம் அவர் மனதில் விழுந்தது அங்கேதான். 1912-இல் லக்ஸ் கம்பெனியின் வாக்குவம் கிளீனரான லக்ஸ் 1 வந்தது. எடை 14 கிலோ. 1919-இல் லக்ஸும் எலெக்ட்ரான் என்ற இன்னொரு ஸ்வீடிஷ் கம்பெனியும் சேர்ந்து எலக்ட்ரோலக்ஸ் ஆயின. 1921-இல் மாடல் வி. தரையில் படுத்தபடி, அடியில் சறுக்குக்கட்டை வைத்து இழுக்கிற உருளை வடிவம் அதோடு வந்ததுதான். பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அதுவே முன்மாதிரி.

இப்போது கோட்டின் வலப்பக்கம் வாருங்கள். 1924-இல் அமெரிக்க விற்பனை தொடங்குகிறது. முதலில் இறக்குமதிதான். 1930களின் தொடக்கத்தில் கனெக்டிகட் மாநிலத்தின் ஓல்ட் கிரீனிச்சில் தொழிற்சாலை வந்தபிறகு, அங்கேயே மாடல்களை உருவாக்கத் தொடங்கினார்கள். 1968-இல் ஸ்வீடன் கம்பெனி தன்னிடம் மீதியிருந்த பங்கை அமெரிக்காவின் கன்சாலிடேட்டட் ஃபுட்ஸுக்கு விற்றுவிட்டது. பின்னாளில் சாரா லீ என்று பெயர் மாறிய உணவுக் கம்பெனிதான் அது. அதற்கப்புறம் ஸ்வீடன்காரர்கள் தங்கள் சொந்தப் பெயரிலேயே அமெரிக்காவில் வாக்குவம் கிளீனர் விற்க முடியாத நிலை. 1974-இல் யுரேகா என்ற அமெரிக்க பிராண்டின் தாய்க் கம்பெனியை வாங்கி, அந்தப் பெயரோடு உள்ளே போனார்கள். பெயர் உரிமை 2000-இல்தான் அவர்களிடம் திரும்பியது. அமெரிக்கக் கம்பெனி ஏரஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

ஆக, 1975-இல் அமெரிக்கக் கடையில் வாங்கிய ஒரு யுரேகா ஸ்வீடன் குடும்பத்துச் சொத்து. அதே வருஷம் அங்கே வீடு தேடி வந்த விற்பனையாளரிடம் வாங்கிய எலக்ட்ரோலக்ஸ் அந்தக் குடும்பமே இல்லை. இந்த ஒரு வரி மனதில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

படி 2: நேம் பிளேட்டைப் படியுங்கள்

நேம் பிளேட் பெரும்பாலும் இயந்திரத்தின் அடிவயிற்றில் அல்லது பின்பக்க மூடிக்கு அருகில் இருக்கும். அரை நூற்றாண்டு தரையில் உரசியிருப்பதால் எழுத்து மங்கியிருக்கும். பித்தளைச் சொம்பு மாதிரி புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். எலுமிச்சை, கம்பி நார் எதுவும் வேண்டாம். எண்ணைச் சுற்றியுள்ள பெயின்ட் போனால் எண்ணும் போச்சு. துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து ஒரே திசையில் மெல்ல ஒத்தியெடுங்கள். பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தகட்டுக்கு நேராகப் பிடிக்காமல், ஏறக்குறையப் படுக்கவைத்து, பக்கவாட்டில் அடியுங்கள். அழுத்திப் பதித்த எண்கள் ஒவ்வொன்றின் ஓரத்திலும் மயிரிழை நிழல் விழும். நேராகப் பார்த்தபோது வெறும் தகடாக இருந்த இடத்தில் 8-க்கும் 3-க்கும் வித்தியாசம் தெரியும். டார்ச்சை நான்கு பக்கமும் மாற்றி நான்கு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கோணத்தில் தெரியாத இலக்கம் அடுத்த கோணத்தில் தெரியும்.

தகட்டில் முதலில் தேட வேண்டியது மாடல் எண்ணை விட முகவரியும் வோல்டேஜும்தான். ஓல்ட் கிரீனிச், 115 அல்லது 120 வோல்ட் என்றால் வலப்பக்கம். இங்கிலாந்தின் லூட்டன், அல்லது ஸ்வீடன், 200-க்கு மேல் வோல்ட் என்றால் பெரும்பாலும் இடப்பக்கம். பெயரின் எழுத்துக்கூட்டலும் உதவும். ஸ்வீடனில் 1957 வரை பெயரின் நடுவில் 'சி' கிடையாது, 'கே'தான். 'கே' போட்ட தகடு கிடைத்தால் அது 1957-க்கு முந்தைய ஸ்வீடன் பக்கத்துச் சரக்கு என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் 'சி' இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தொடக்கத்திலிருந்தே 'சி'தான்.

ஒரு எச்சரிக்கை. 120 வோல்ட் இயந்திரத்தை நம் வீட்டு 230 வோல்ட் பிளக்கில் செருகாதீர்கள். மோட்டார் கருகிவிடும். பழைய ரப்பர் வயர் உள்ளே பொடிந்திருக்கவும் கூடும். வோல்டேஜ் சரியாக இருந்தாலும் எலக்ட்ரீஷியனிடம் காட்டாமல் போட வேண்டாம்.

படி 3: மாடல் பெயரைத் தகட்டில் உள்ளபடியே எழுதுங்கள்

ஷீட்டில் பெயருக்கு இரண்டு பத்தி (செங்குத்து வரிசை) ஒதுக்குங்கள்: தகட்டுப் பெயர், வழக்குப் பெயர். ஏன் இரண்டு என்பதற்கு 1937-இல் வந்த புகழ்பெற்ற அமெரிக்க மாடலே போதும். லுரெல் கில்ட் வடிவமைத்தது. ரயில் எஞ்சின் மாதிரி குரோம் பட்டைகளும் வளைந்த முகமுமாக, ஓரிடத்தில் நிற்கும்போதே ஓடுவதுபோல இருக்கும். பார்க்கப் பார்க்க அலுக்காது. இன்று புரூக்ளின் அருங்காட்சியகத்தின் சேகரிப்பிலும் ஒன்று இருக்கிறது. தகட்டில் மூன்று எக்ஸ். ரோமன் எண்ணில் அது 30. அதனால் சிலர் 'எக்ஸ்எக்ஸ்எக்ஸ்' என்றும், சிலர் 'மாடல் 30' என்றும் எழுதுவார்கள். இரண்டு வரியாகப் பதிந்தால் ஒரே இயந்திரம் இரண்டாகிவிடும்.

அடுத்த சிக்கல் எல்எக்ஸ். பார்க்க வெறும் எழுத்து மாதிரி இருக்கும். ரோமன் எண்ணாகப் படித்தால் 60. இது 1952-இல் வந்தது. தூசிப் பை நிறைந்ததும் தானாகவே நின்று மூடி திறந்துகொள்ளும் அமைப்பு இதன் பெருமை. அதற்குப் பிறகு 1954-இல் வந்ததன் பெயர் மாடல் இ. ஷீட்டில் அகர வரிசைப் பொத்தானை அழுத்தினால் 'இ' முன்னாலும் 'எல்எக்ஸ்' பின்னாலும் போய் நிற்கும். கால வரிசையோ தலைகீழ். அதனால் பெயரை வைத்து வரிசைப்படுத்தவே வேண்டாம்.

ஸ்வீடன் பக்கம் பிற்கால மாடல் எண்கள் பல 'இசட்' எழுத்தோடு தொடங்கும். அமெரிக்கப் பட்டியலில் நடுவே ஒரு 'இசட்' வந்தால் யாரோ கலந்துவிட்டார்கள் என்று பொருள். என் பட்டியலில் நடந்ததும் இதுதான்.

சில பெயர்கள் தாமாகவே வருஷத்தைச் சொல்லிவிடும். அமெரிக்கக் கிளை 1974-இல் கோல்டன் ஜூபிலி மாடலும் 1984-இல் டைமண்ட் ஜூபிலி மாடலும் வெளியிட்டது. 50 ஆண்டு, 60 ஆண்டு. எதிலிருந்து எண்ணினார்கள் பாருங்கள்: 1924-இலிருந்து. ஸ்வீடன் கணக்கில் 1919 தொடக்கம் என்றால் பொன்விழா 1969-இலேயே வந்திருக்க வேண்டும். அதற்குள் அமெரிக்கக் கம்பெனி தன் வயதைத் தானே எண்ணத் தொடங்கிவிட்டது.

படி 4: வருஷத்தை இரண்டு வேலிக்குள் அடையுங்கள்

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, ஒரே பத்தியில் '1948' என்று ஒற்றை எண்ணை எழுதிவிடுவது. அதற்குப் பதிலாக 'இதற்கு முன் இருக்க முடியாது', 'இதற்குப் பின் இருக்க முடியாது' என்று இரண்டு பத்தி வையுங்கள். ஒவ்வொரு ஆதாரமும் வேலியை உள்ளே தள்ளிக்கொண்டு வரும்.

முதல் வேலிக்கு எனக்கு மிகவும் பிடித்த ஆதாரம் காப்புரிமை எண். அமெரிக்க இயந்திரங்களின் தகட்டில் பேட்டன்ட் எண்கள் வரிசையாக இருந்தால், அதில் மிகப் பெரியதை மட்டும் பாருங்கள். அமெரிக்கக் காப்புரிமை எண் 10 லட்சத்தைத் தொட்டது 1911-இல். 20 லட்சம் 1935 ஏப்ரலில், 30 லட்சம் 1961 செப்டம்பரில், 40 லட்சம் 1976 டிசம்பரில். தகட்டின் பெரிய எண் 20 லட்சத்தைத் தாண்டியிருந்தால் அந்தத் தகடு 1935-க்கு முன் அடித்திருக்க முடியாது. 'டி' என்று தொடங்குவது வடிவமைப்புக் காப்புரிமை; அதற்கு வேறு வரிசை, இந்தக் கணக்கு பொருந்தாது.

கூடவே கிடைக்கும் கையேடு, ரசீது, விளம்பரத் தாள் இவற்றுக்கு வேறு வழி. முகவரியில் ஐந்து இலக்க ஜிப் கோடு (நம் பின்கோடு மாதிரி) இருந்தால் 1963-க்குப் பிந்தையது. வீடு தேடி வந்து விற்ற பொருளை 3 வேலை நாளுக்குள் வேண்டாமென்று திருப்பலாம் என்ற அறிவிப்பு ரசீதில் இருந்தால், அது அநேகமாக 1974 அல்லது அதற்குப் பின். நாடு முழுவதற்குமான விதி அந்த ஆண்டுதான் நடைமுறைக்கு வந்தது. சில மாநிலங்களில் முன்பே இதுபோன்ற சட்டம் இருந்ததால் இதை மட்டும் நம்பி வேலி போடாதீர்கள்.

1942 முதல் 1945 வரை ஒரு பள்ளம் விடுங்கள். போர்க்காலத்தில் அமெரிக்காவில் வீட்டு வாக்குவம் கிளீனர் உற்பத்தியை அரசே நிறுத்தியது. '1943 மாடல்' என்று யாராவது விற்றால் ஆதாரம் கேளுங்கள்.

குழாய், பை, வயர், முனை இவற்றை வைத்து வருஷம் சொல்ல வேண்டாம். எல்லாம் மாற்றக்கூடியவை. நிறத்தையும் நம்ப முடியாது. பழையதைத் திரும்ப வாங்கி, பிரித்துச் சரிசெய்து, புது பெயின்ட் அடித்து விற்பது அந்த ஊர் வியாபாரத்தில் சகஜம்.

படி 5: விற்பனை வரலாறு

எத்தனை விற்றது என்பதற்கு முன் எப்படி விற்றது என்று எழுதுங்கள். அமெரிக்க எலக்ட்ரோலக்ஸ் வீடு வீடாகப் போன விற்பனையாளர்களால் நின்ற கம்பெனி. அதனால் கடைகளின் பழைய பட்டியல் புத்தகங்களில் போய் அதன் மாடல்களைத் தேடி நேரத்தைச் செலவழிக்காதீர்கள். ஆதாரம் இருப்பது செய்தித்தாள் விளம்பரங்களிலும், விற்பனையாளர் கொடுத்துவிட்டுப் போன தாள்களிலும், தவணை ரசீதுகளிலும்தான்.

இந்த விற்பனை முறை நமக்கும் அந்நியமில்லை. 1982-இல் ஃபோர்ப்ஸ் நிறுவனத்தோடு ஸ்வீடன் எலக்ட்ரோலக்ஸ் கைகோத்துத்தான் யுரேகா ஃபோர்ப்ஸ் தொடங்கியது. டை கட்டிய இளைஞர் கதவைத் தட்டி, மெத்தையில் யூரோகிளீனை ஓட்டி, வடிகட்டியில் ஒட்டிய வெள்ளைத் தூசியை அம்மாவிடம் காட்டியது நினைவிருக்கிறதா? வென்னர்-கிரென் காட்டிய வழிதான் அது. நம் ஊர் யூரோகிளீனைப் பட்டியலில் சேர்ப்பதானால் இடப்பக்கக் கிளையில் தனிக் கொப்பாக வையுங்கள்.

எண்ணிக்கைக்கு வருவோம். எந்தக் காலத்தில் யார் முதலாளி என்று படி 1-இல் வரைந்தது இங்கேதான் கைகொடுக்கும். 1968-க்குப் பிந்தைய அமெரிக்க விற்பனையை ஸ்வீடன் கம்பெனியின் ஆண்டறிக்கையில் தேடினால் கிடைக்காது. கன்சாலிடேட்டட் ஃபுட்ஸ், சாரா லீ அறிக்கைகளில் தேட வேண்டும். 1987-இல் சாரா லீ அதைத் தனியார் கைக்கு விற்றது. அதற்குப் பிறகு பொதுவில் வெளியிட வேண்டிய கட்டாயம் இல்லை. கிடைக்கும் எண் டாலரா, இயந்திர எண்ணிக்கையா, வாக்குவம் கிளீனர் மட்டுமா, தரை மெருகூட்டும் இயந்திரமும் சேர்த்தா என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். கடைசி சீரியல் நம்பரிலிருந்து முதல் நம்பரைக் கழித்து 'இவ்வளவு விற்றது' என்று போடுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். வரிசை நடுவில் தாண்டியிருக்கலாம், வேறு மாடலோடு பகிர்ந்திருக்கலாம். தெரியாத இடத்தைக் காலியாக விடுவதே நேர்மையான பதிவு.

படி 6: முதல் வரியை நிரப்புங்கள்

மூன்று எக்ஸ் மாடலிலிருந்தே தொடங்கலாம். கிளை: அமெரிக்கா. தகட்டுப் பெயர்: எக்ஸ்எக்ஸ்எக்ஸ். வழக்குப் பெயர்: மாடல் 30. தொழிற்சாலை: ஓல்ட் கிரீனிச். வடிவமைப்பு: லுரெல் கில்ட். அறிமுகம்: 1937. விற்ற விதம்: வீட்டு வாசல். உங்கள் கையில் உள்ள இயந்திரம்: தகட்டில் நீங்கள் படித்த சீரியல், இரண்டு வேலிகள், நான்கு கோணப் படங்கள். விற்பனை எண்ணிக்கை: காலி. அடுத்த வரியில் எல்எக்ஸ், அதற்கடுத்து இ. மாமாவின் பரணில் இருப்பது எந்த வரிக்கு வருகிறது என்று அப்போது பாருங்கள்.