முதல் காட்சியைப் படிக்கும்போது சறுக்கும் இடங்கள்

“இந்த நாடகத்தின் கருப்பொருள் பெண் விடுதலை” என்று முதலில் எழுதிவிட்டு, அப்புறம் காட்சிக்குள் சான்று தேடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. நார்வே நாடகாசிரியர் இப்சனின் ‘பொம்மை வீடு’ (1879) பாவம், இதில் அடிக்கடி மாட்டுகிறது.

அதன் முதல் காட்சியில் விடுதலை பற்றிப் பேச்சே இல்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். வாசல் மணி அடிக்கிறது, கதவு திறக்கும் சத்தம், அந்த வீட்டு மனைவி நோரா வருகிறாள். கிறிஸ்துமஸ் மரத்தை ஒளித்து வைக்கச் சொல்கிறாள். சுமை தூக்கி வந்தவன் ஐம்பது ஓரே, அதாவது அரைக் குரோன், கேட்கிறான். இவள் ஒரு குரோனைக் கொடுத்து மிச்சத்தை வைத்துக்கொள்ளச் சொல்கிறாள். கேட்டதைப் போல இரண்டு மடங்கு! பிறகு பையிலிருந்து இனிப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, கணவனின் அறைக் கதவருகே பூனைபோலப் போய் ஒட்டுக் கேட்கிறாள். சற்று நேரத்தில் அவன் விசாரிக்கும்போது, தின்னவே இல்லை என்று சாதிக்கிறாள்.

ஒளித்தல், காசு, சின்னப் பொய். அவள் வாங்கிய கடனின் ரகசியம் பின்னால் வெளிவருவதற்கான விதை இங்கேயே விழுந்துவிட்டது. ‘விடுதலை’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு எதையும் நிறுவ முடியாது. ‘இனிப்பைக்கூட ஒளித்துத் தின்ன வேண்டிய வீட்டில் ஒருத்தி பெரிய விஷயத்தையும் ஒளிக்கத்தான் செய்வாள்’ என்று ஒரு வாக்கியமாக எழுதினால், அதை ஏற்கலாம், மறுக்கலாம்.

இதில் பாதி மேடைக் குறிப்புகளில்தான் இருக்கிறது. வசனத்தை மட்டும் படிப்பவர்களுக்கு அந்தக் கதவுச் சத்தம் கேட்காது. கேட்காவிட்டால், நாடகம் முடியும்போது, நோரா வீட்டைவிட்டுப் போகையில், கீழே கதவு மூடப்படும் சத்தத்தை எதோடு சேர்த்துப் பார்ப்பார்கள்?

வசனத்தைப் படிக்கும்போதும் யார் பேசுகிறார் என்பதை விட்டுவிடுகிறோம். ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ “யார் அங்கே?” என்று தொடங்குகிறது. இருட்டு, பயம் என்று எழுதிவிட்டு நகர்வது சுலபம். ஆனால் கேட்பவன் காவலில் நிற்பவன் அல்ல, அவனை மாற்ற வரும் பெர்னார்டோ. கேட்க வேண்டியவனிடமே கேள்வி கேட்கப்படுகிறது. பேய் வருமுன்பே, கதை நடக்கும் டென்மார்க்கில் முறை தலைகீழாகிவிட்டது.

தொலைக்காட்சியில் சிக்கல் வேறு. நாடக அரங்கில் டிக்கெட் வாங்கியவர் எழுந்து போவது அபூர்வம். வீட்டிலிருப்பவர் கையில் ரிமோட் இருக்கிறது. 2008இல் வந்த அமெரிக்கத் தொடர் ‘பிரேக்கிங் பேட்’டின் முதல் அத்தியாயம், பாலைவனத்தில் ஒரு பேன்ட் பறந்து விழுவதில் தொடங்குகிறது. அது ஆளைப் பிடித்து உட்கார வைக்கும் தூண்டில். தலைப்புக்குப் பிறகு கதை மூன்று வாரம் பின்னே போகிறது. தூண்டிலை மட்டும் அலசிவிட்டு, அதற்கு அடுத்து வரும் சாதாரண நாளை விட்டுவிடக் கூடாது.

அந்த நாளில் வேதியியல் ஆசிரியர் வால்ட்டர், தன் பாடமே மாற்றத்தைப் பற்றிய படிப்பு என்று வகுப்பில் சொல்கிறார். உடனே அதை மேற்கோளாக எடுத்துப் போட்டு “கருப்பொருள் மாற்றம்” என்று முடித்துவிடத் தோன்றும். சரி, தப்பில்லை. ஆனால் வகுப்பில் ஒருவன் அதைக் காதில் வாங்கவே இல்லை. பள்ளி விட்டதும் வால்ட்டர் கார் கழுவும் வேலைக்குப் போகிறார், அங்கே மண்டியிட்டுச் சக்கரத்தைத் துடைக்கிறார். அது அந்தப் பையனின் கார்.